மீன் இல்லாத ஹவுள்

786

ராஜபாளையம்
22-1-1989

அன்பு மகன் நயினார் முகமதுக்கு அத்தா செய்யது மசூது எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். குவைத்தில் நீ சுகமாக இருக்க அல்லாஹ் அருள் புரியட்டும். இங்கே உன் அம்மாவுக்கு முழங்கால் வலி தவிர வேறு குறையில்லை, ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடையும் ஓடுகிறது, ஆனால் உன் மகள் ரஹ்மத் சுகமாக இல்லை. தூர தேசத்தில் இருக்கிற பிள்ளை பதறும், எழுத வேண்டாம் என்று உன் அம்மாவும் உன் மனைவி நூர்பானுவும் என் வாயைக் கட்டி வைத்திருந்தார்கள். நூர்பானு உனக்கு எழுதியதில் பிள்ளைக்குச் சளி என்று இருந்திருக்கும். சளி இல்லையப்பா, மலேரியா. மார்கழி பிறந்த வாரம் வந்தது, மாத்திரையில் நின்றது, பொங்கலுக்கு மறுநாள் மறுபடி வந்துவிட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் மதியம் இரண்டு மணிக்கு நடுக்கம் தொடங்கும், மூன்று கம்பளி போர்த்தினாலும் நிற்பதில்லை, பிறகு அனல், பிறகு தொப்பலாக வேர்வை. நாலு வயதுப் பிள்ளை அந்தக் கசப்பு மாத்திரையைத் துப்பத் துப்ப நூர்பானு தேனில் குழைத்து ஊட்டுகிறாள், ஊட்டிவிட்டு அடுப்படியில் போய் அழுகிறாள். இதற்குக் காரணம் நீ. கிழவன் கோபத்தில் எழுதுகிறான் என்று நினைப்பாய், ஆமாம், கோபத்தில்தான் எழுதுகிறேன்.

போன ஆனி மாதம் உன் நன்கொடையில் நம் தெருப் பள்ளிவாசல் ஹவுளுக்கு நீல டைல்ஸ் பதித்தார்கள். தொழுகைக்கு முன்னால் நாலு தலைமுறையாக நாம் கை கால் கழுவி வாய் கொப்பளிக்கிற அந்தத் தொட்டியில் இனி மீன் விடக் கூடாது, வாடை அடிக்கும், டைல்ஸில் பாசி பிடிக்கும், குவைத்தில் எந்தப் பள்ளியிலும் மீன் கிடையாது என்று நீ எழுதிய நிபந்தனையை ஜமாஅத் செயலாளர் சாகுல் ஹமீது தீர்மானப் புத்தகத்தில் பசை போட்டு ஒட்டி வைத்திருக்கிறார். பாங்கு சொல்கிற மோதினார் அல்லா பிச்சை பொரி போட்டு வளர்த்த கெண்டைகளை, தெருவில் யாரும் பிடித்துத் தின்ன நினைக்காத மீன்களை, தண்ணீர் இறைத்த அன்றைக்கே வேலைக்கு வந்த கொத்தனார்கள் குழம்பு வைத்துத் தின்றார்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன், மகன் பெயர் பளிங்குக் கல்லில் ஏறுகிற பெருமையில் என் கண் அவிந்து கிடந்தது. ஆடியில் திறந்தபோது ஒரு கொசு இல்லை, ஊரே மெச்சியது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கிறது, கொசு எம்மாத்திரம்? காற்று ஓய்ந்து புரட்டாசி பிறந்ததும் ஆரம்பித்தது. ஐப்பசி அடைமழை சாக்கடைகளை அடித்துக்கொண்டு போனதில் சாக்கடைக் கொசு பாதி ஒழிந்தது, கூரைக்கு அடியில் இருக்கிற ஹவுள் தண்ணீர் மட்டும் அப்படியே நின்றது. கார்த்திகையில் நான் ஒரு கடிதம் போட்டேன், மறுபடி மீன் விடச் சம்மதம் என்று ஒரு வரி எழுது என்று கேட்டேன். நீ என்ன எழுதினாய்? சுத்தமான தண்ணீரில் கொசு வராது, முனிசிபாலிட்டிக்காரனைச் சாக்கடையை அள்ளச் சொல்லுங்கள் என்று எனக்குப் பாடம் எடுத்தாய். கூடவே ஊருக்கு வந்த ஆள் கையில் கரண்ட் கொசுவிரட்டி ஒன்று கொடுத்துவிட்டாய். அதன் பிளக் நம் வீட்டுச் சுவரில் எந்தத் துளையிலும் நுழையவில்லை, நுழைந்தாலும் கொசு வருகிற நேரத்தில் இங்கே கரண்ட் இருப்பதில்லை.

நீ படித்தவன், நான் பாய் விற்கிறவன், இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் உன்னை விட எனக்கு அதிகம் தெரியும். காய்ச்சல் கண்டவர்கள் விரலில் குத்தி ரத்தம் எடுக்க வந்த மலேரியா ஆபீஸ் தவசிமுத்து ஹவுளில் ஒரு கரண்டியை முக்கி எடுத்துக் காட்டினான். சாக்கடைக் கொசுவின் புழு தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வாலால் மூச்சு விடும், இதுவோ தண்ணீர் மட்டத்தோடு மட்டமாகத் துரும்பு போலப் படுத்துக் கிடந்தது. "பாய், சாக்கடையில கிடக்கறது ராவெல்லாம் காதுல வந்து பாடும், நல்ல தண்ணியில பொறக்கறதுதான் இந்தக் குளிர் காய்ச்சலக் கொண்டாரும்" என்றான். நான் நம்பாமல் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் அந்தத் தண்ணீரை மொண்டு, வாயில் கொசுவலைத் துணியைக் கட்டிக் கடைப் பலகையில் வைத்துப் பார்த்தேன். புழு சட்டை உரித்து உரித்துப் பெரிதானது, பிறகு சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கூனிப்போய்க் குட்டிக்கரணம் போட்டது, பன்னிரண்டாம் நாள் முதுகு வெடித்துக் கொசு எழுந்து நின்றது. சித்திரை வெயிலில் எட்டே நாள் போதுமாம். மீசை அடர்ந்திருப்பது ஆண், அது யாரையும் கடிப்பதில்லை, செடியின் சாற்றைக் குடித்துவிட்டுக் கிடக்கும். பொட்டைக்குத்தான் ரத்தம் வேண்டும், அதுவும் முட்டை வைப்பதற்கு, ஒரு வயிறு நிறையக் குடித்தால் நூறுக்குக் குறையாது. ஒரு நோயாளியைக் கடித்துவிட்டு அடுத்தவனைக் கடித்தால் காய்ச்சலும் கூடவே போகும். வெகு தூரம் பறக்கிற ஜாதியும் இல்லை, அதனால் வேறு தெருக் கொசு என்று பழி போடவும் வழியில்லை. சாக்கடைக்கு ஊற்றுகிற எண்ணெயை வாய் கொப்பளிக்கிற தண்ணீரில் ஊற்ற முடியுமா? வாரா வாரம் இறைத்து நிரப்பலாம் என்றால் நாலு நாளைக்கு ஒரு தரம் குழாயில் தண்ணீர் வருகிற ஊரில் எவன் இறைப்பான்? மீனை விட்டால் வேறு வழி இல்லை என்று இதையெல்லாம் மார்கழியில் நாலு பக்கம் எழுதினேன். நீ பதிலே போடவில்லை.

ரஹ்மத்துக்கு என்று எழுதியிருந்தால் உடனே சம்மதித்திருப்பேனே என்று இப்போது சொல்வாய். சொல்லாதே. தெருவில் பதினொரு பேருக்குக் காய்ச்சல் என்று எழுதியிருந்தேன், அதில் ஒன்று உன் பிள்ளை என்றால்தான் உனக்கு உறைக்குமா, மற்றப் பத்துப் பேரையும் யாரும் பெறவில்லையா? கடையில் பாயும் தலையணையும் தூங்குகின்றன, கொசுவலைதான் பறக்கிறது. வ. புதுப்பட்டியிலிருந்து வருகிற பட்டாளத்துக் கண்ணுச்சாமி போன வாரம் வலையை விரித்துப் பார்த்துக்கொண்டே, "பாய், மகன் கொசு வளக்காரு, நீங்க வல விக்கீக, ஏவாரம் எம்புட்டுத் தோதா இருக்கு" என்றார். கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன், ராஜபாளையம் வரும் வரைக்கும் பஸ்ஸில் முகம் எரிந்தது.

இதற்கு மேல் உன்னைக் கெஞ்ச மாட்டேன் என்று புதன்கிழமை கடையை அடைத்துவிட்டுக் கூமாப்பட்டிக்குப் போய், கண்மாயில் மீன் பிடிக்கிறவர்களிடம் கெண்டைக் குஞ்சு வாங்கிப் பிளாஸ்டிக் குடத்தில் ஈரத்துணி கட்டி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மாலை அஸர் தொழுகை முடிந்து ஆள் கலைந்ததும் ஹவுளில் விட்டேன். அல்லா பிச்சை, "செத்த நேரம் நா இங்கன இல்லன்னு நெனச்சுக்கிடுங்க" என்று சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். மூன்றாம் நாள் கரண்டியை முக்கினால் ஒரு புழு இல்லை. ஆனால் நேற்றுச் சாகுல் ஹமீது பார்த்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அடுத்துப் பள்ளியின் முகப்பையும் கட்டித் தருவதாக நீ வாக்குக் கொடுத்திருக்கிறாய், நிபந்தனையை மீறினால் நீ முறுக்கிக்கொள்வாய் என்று அவர்களுக்குப் பயம். "மகன் சம்மதம் எழுதி வந்திருக்கா, வரலன்னா வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பொறவு கூட்டத்த வச்சு மீன எடுத்துருவோம்" என்றார். எடுத்தால் மறுபடி பன்னிரண்டு நாள், அது வெயில் ஏற ஏற எட்டு நாள். வந்திருக்கிறது, வீட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

வருகிற வெள்ளிக்கிழமை அதையே பள்ளிக்குள் நின்று ஜமாஅத் முன்னால் சொல்வேன். கடிதத்தைக் காட்டு என்று யாரும் கேட்க மாட்டார்கள், செய்யது மசூது சொன்னால் போதும் என்று விட்டுவிடுவார்கள், இந்தத் தெருவில் முப்பது வருஷமாக நான் சம்பாதித்தது அது ஒன்றுதான். இந்தக் கடிதம் உன் கைக்கு வரப் பன்னிரண்டு நாளாவது ஆகும், நீ படிக்கிற நேரத்தில் உன் அத்தா அல்லாஹ்வின் வீட்டில் பொய் சொல்லி முடித்திருப்பான். பிள்ளைக்கு மாத்திரை இன்னும் ஆறு நாள் இருக்கிறது, அதைப் பற்றி நூர்பானுவுக்கு ஆறுதலாக நாலு வார்த்தை எழுது, ஏன் மறைத்தாய் என்று அவளை ஏசாதே. ஐந்து வேளைத் தொழுகையை விடாதே, வெறும் வயிற்றில் வேலைக்குப் போகாதே. எவ்வளவு கோபத்திலும் உனக்காகக் கையேந்துவதை நான் ஒரு வேளை கூட நிறுத்தவில்லை, அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல புத்தியையும் தரட்டும். மீனுக்குச் சம்மதம் என்று ஜமாஅத்துக்கு ஒரு வரி எழுதி உடனே தபாலில் சேர்த்துவிடு. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து அதில் பழைய தேதி போடாதே, எழுதுகிற தேதியையே போடு. பொய் என் ஒருவனோடு போகட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தா
கா. செய்யது மசூது