மெத்தேயோ யார்?

3 ஜூன், செவ்வாய்

இன்றும் அதே பெயர். கம்பெனியிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மகளிடம் மெல்லக் கேட்டார்: "மெத்தேயோ?" ஹேமா, "ஒராழ்" என்றாள். என்னைக் கண்டதும் இருவரும் கப்சிப். பதினைந்து வயதுப் பெண்ணிடம் அப்பனே ஒரு பையனைப் பற்றி விசாரிப்பானா?

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம், அவர் வீட்டில் எல்லோரும் பிரெஞ்சு பேசுவார்கள். நான் கோரிமேட்டு அரசுப் பள்ளியில் தமிழில் படித்தவள். என்னிடம் உள்ள குறை அது ஒன்றுதான். பாரீசில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போய்ப் படிக்கிறேன் என்று ஹேமா ஒற்றைக்காலில் நிற்பதும் அதனால்தான். இந்த அம்மாவோடு நடக்க வெட்கம்.

7 ஜூன், சனி

பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்துவிட்டேன். யாருக்கும் சொல்லவில்லை. அந்த மெத்தேயோவைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை.

11 ஜூன், புதன்

குழம்பில் உப்பு தூக்கல் என்று மாமியார் முணுமுணுத்தார். கிண்ணத்தை எடுத்து அப்பால் வைத்தேன், கொஞ்சம் சத்தமாக. கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும். எனக்கு ஐந்து நிமிடத்தில் மறந்துவிடும். அவர் முணுமுணுப்பு ஒரு வாரம் ஓடும். அது குணக்கேடு.

21 ஜூன், சனி

டீச்சர் பலகையில் சூரியன், மேகம், இடி எல்லாம் வரைந்து சொல்லிக்கொடுத்தார். மெத்தேயோ - வானிலை. ஒராழ் - இடிமழை. எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள்.

பையன் இல்லை. நான்தான். வீட்டுக்குள் கால் வைக்குமுன் என் முகம் இன்று எப்படி என்று விசாரித்திருக்கிறார்கள். எத்தனை வருஷமா?

24 ஜூன், செவ்வாய்

இன்றும் கேட்டார். இன்றும் ஒராழ். நான் வாயே தொறக்கலியே! சட்டிய கொஞ்சம் ஓங்கி வெச்சேன், அவ்ளோதான - அதுக்கே இடியா?

28 ஜூன், சனி

அனுப்புகிறோமா இல்லையா என்று வெள்ளிக்குள் நாத்தனாருக்குப் பதில் சொல்ல வேண்டும். தாங்க முடியாமல் ஹேமாவிடம் கேட்டுவிட்டேன், அம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியலன்னு வெட்கமா என்று. புரியாமல் பார்த்தாள்.

"பிரெஞ்சா? அதுக்கென்னம்மா இப்ப? அத்த வீட்ல உள்ள நொழையும்போதே யாரு மொகத்தையும் பாத்து பயப்பட வேணாம். அதான் போறேன்."

கை ஓங்க வந்தது. முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு பயமா?

4 ஜூலை, வெள்ளி

போகட்டும் என்று சொல்லிவிட்டேன்.

9 ஜூலை, புதன்

ஆகஸ்டில் புறப்பாடு. டிக்கெட் போட்டாகிவிட்டது. அவள் ஊருக்கென்று எடுத்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையை என் சிவப்புப் புடவையோடு மெஷினில் போட்டுவிட்டேன். ரோஸாக வந்தது.

"கண்ணு தெரியலயாம்மா ஒனக்கு? நான் எத போட்டுகினு போவேன்?"

கத்திவிட்டு சட்டென்று என் கையைப் பார்த்தாள். தப்பு என்மேல்தான் என்றேன். சற்றுப் பொறுத்து மறுபடி ஆரம்பித்தாள். எதைச் சொன்னாலும் கேட்பதில்லை, எல்லாவற்றிலும் அவசரம் என்று சட்டையைத் தாண்டி எங்கெங்கோ போனாள். என் மகளின் குரல் இவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியாது.

போவதற்குள் இன்னும் நாலு தடவை கத்தட்டும்.