ஏவாளுக்கு ஆள் தேடிய தவக்காலம்

மார்ச் 1, ஞாயிறு

காலையிலேயே வெயில். திண்டுக்கல்லிலிருந்து முதல் பேருந்தில், அகரம் தாண்டி எங்கள் ஊருக்கு. பூசை முடிந்ததும், ஆதாம் முதல் ஏசு உயிர்த்தெழுவது வரை நடிக்கும் பாஸ்கு நாடகத்துக்கான கூட்டம். ஈஸ்டர் கழிந்த சனிக்கிழமை மேடை. தலைவர் பெரியப்பா, வழக்கம் போல. எனக்கு ஆதாம். "இவனுக்கு விலா எலும்பு வெளியவே தெரியுது, எடுக்கச் சுளுவு" என்று சிரிப்பு.

மாதா வேடத்துக்கு எங்கள் மேலத்தெருப் பெண்களுக்குள் அடிதடி. ஏவாளுக்கு ஒருத்தியும் இல்லை. பெற்றவர்கள் சொன்ன காரணம்: "கல்யாணம் பேசுற பிள்ளய்யா. பாவத்தக் கொண்டாந்தவ வேசமெல்லாம் போட ஏலாது." இத்தனை வருடம் மீசையை மழித்த ஆண்தான் ஏவாள். பெண் வேடத்துக்குப் பெண்தான் வர வேண்டும் என்று பங்குச்சாமி இந்த வருடம் சொல்லிவிட்டார். பெரியப்பா தாடையைத் தடவினார். பிறகு, "கீழத்தெருவுல கேளுங்கப்பா."

கீழத்தெருக்காரர்கள் அந்த மேடையைக் கட்டியிருக்கிறார்கள். ஏறியதில்லை. கல்லறையும் அவர்களுக்குத் தனி.

கீழத்தெரு ஸ்டெல்லா சம்மதித்தாளாம். திண்டுக்கல்லில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவள்.

திண்டுக்கல் அறைக்குத் திரும்பி வந்தால் துவைக்காத சட்டைகள். சோப்பு இல்லை.

மார்ச் 6, வெள்ளி

கடையில் நாள் முழுக்க உடைந்த செல்போன்கள். கண் எரிச்சல். கூட வேலை பார்க்கும் டேனியலிடம் கேட்டேன், அவன் பெந்தகொஸ்தே: பாவம் முதலில் எங்கிருந்துடா வந்தது? "எல்லாம் பிசாசு வேல ப்ரோ. ரீல்ஸ் பாக்குறத நிறுத்துங்க." அவனுக்கு எவ்வளவு சுலபம்.

பேகம்பூர் மாடி அறை. கீழ்வீட்டு அக்கா நோன்புக் கஞ்சி கொடுத்தார். "இந்த வருசம் ஒங்களுக்கும் எங்களுக்கும் நோம்பு ஒண்ணா வந்துருச்சுல்ல தம்பி." நான் நோன்பில் இல்லை. சமைக்கச் சோம்பல், அதனால் பட்டினி. சொல்லவில்லை. கஞ்சி நன்றாக இருந்தது. பேச ஆள் இல்லாமல் சுவரைப் பார்த்துக் குடித்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

பிரசங்கம்: ஆதாமின் பாவம் பிறப்பிலேயே நம்மோடு ஒட்டிக்கொண்டு வருகிறது, ஞானஸ்நானத் தண்ணீர் அதைக் கழுவிவிடுகிறது. எங்கள் ஊர்த் தண்ணீரில் ஏதோ கோளாறு. ஜென்மப் பாவம் போகிறது, சாதி போகவில்லை.

மாலை ஒத்திகை. ஸ்டெல்லா பழத்தைப் பறிக்கும்போது மேலத்தெரு ஆள் ஒருவர்: "வேசத்துக்குத் தோதான ஆளாத்தேன் புடிச்சிருக்காக." சிரித்தார்கள். பெரியப்பாவும். ஸ்டெல்லா வசனத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேருந்தில் வரும்போதே ஊர் வாட்ஸப் குரூப்பில் எழுதினேன். மாதாவுக்கு மேலத்தெரு, பாவத்துக்குக் கீழத்தெரு, வெட்கமாக இல்லையா, இந்த நாடகத்தில் நான் இல்லை. அனுப்பியதும் உடம்பே லேசானது. அந்தப் பேருந்தில் நான் ஒருவன்தான் யோக்கியன்.

மார்ச் 10, செவ்வாய்

எல்லோரும் படித்துவிட்டார்கள். யாரோ ஒருவர் கும்பிடு பொம்மை மட்டும்.

துபாயிலிருந்து அப்பா. "ஏலே, பெரியப்பாகூட எதுக்கு வம்பு?" சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மார்ச் 13, வெள்ளி

மதியம் ஸ்டெல்லா கடைக்கு வந்தாள். சாப்பாட்டு நேரம், ஜவுளிக்கடைச் சீருடைச் சேலை. கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம் நின்றபடி:

"சீனையே தூக்கிட்டாங்க, தெரியுமாண்ணே?"

தெரியாது.

"ஆதாமே இல்லைங்கிறப்ப ஏவாளு எதுக்குன்னு ஒங்க பெரியப்பா சொல்லிட்டாரு. நேரா அவுங்க மகன் காயீன் கதையிலருந்து ஆரம்பிக்கிறாங்களாம்."

"அவங்க ஒன்ன அசிங்கப்படுத்துனாங்க ஸ்டெல்லா."

"அது எனக்குத் தெரியாதா? நீங்க எழுதித்தேன் தெரியணுமா? ஏவாளுக்கு ரெண்டு பக்கம் வசனம்ணே. மாதா நிக்கணும், அழுகணும், அம்புட்டுத்தேன். நாள் பூரா கடைல நின்னுக்கிட்டுத்தான இருக்கேன், அங்கயும் நிக்கவா? எங்க தெருவுலருந்து மொத ஆளா மைக்குல பேசப் போறா எம் மகள்னு அம்மா எல்லார்ட்டயும் சொல்லிருச்சு. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

கேட்கவில்லை.

"கோவப்படுறதுன்னா ஒங்களுக்காகப் படுங்க. என்னையச் சாக்கு வைக்காதீங்க."

போய்விட்டாள். டேனியல் தலையைக் குனிந்து ஏதோ திருகாணியைத் தேடுவது போல நடித்தான்.

பாம்பு வெறும் பழத்துக்கா ஆசை காட்டியது? கடவுளைப் போல ஆகலாம், எது நல்லது எது கெட்டது என்று நீயே தீர்ப்புச் சொல்லலாம் என்றது. அந்தப் பேருந்தில் எனக்கு இருந்த ருசி அதுதான். பெரியப்பா செய்தது அயோக்கியத்தனம். அதில் மாற்றமில்லை. அதற்கு வழி திறந்துவிட்டவன் நான்.

மார்ச் 15, ஞாயிறு

பெரியப்பா வீடு. பெரியம்மா காபி கொடுத்தார், கண்ணைப் பார்க்காமல். மன்னிப்புக் கேட்டேன். "குரூப்புல ஊரறியத் திட்டுனீல்ல? கூட்டத்துல எந்திரிச்சுச் சொல்லு."

சொன்னேன். எழுந்து, எல்லோருக்கும் முன்னால். அந்தச் சிரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, பேசினால் சீன் திரும்பாது. நாக்கெல்லாம் கசப்பு. கீழத்தெரு ஆட்கள் ஓரமாக நின்று பார்த்தார்கள். அவர்களுக்கு நான் எப்படித் தெரிந்திருப்பேன் என்று தெரியவில்லை.

பெரியப்பா: "சாமியும் அந்தச் சீன் வேணும்ங்கிறாரு. இருக்கட்டும். ஆனா ஆதாம் நீயில்ல. எம்மவன் போடுவான். நீ தெர இழு."

சரி என்றேன்.

மார்ச் 22, ஞாயிறு

புழுக்கம். மழை வரும் போல, வரவில்லை. ஒத்திகை.

பெரியப்பா மகன் அந்தோணி ஆதாம். கடவுளின் குரல் கேட்டதும் விரலை நீட்டி, நீர் தந்த இந்தப் பெண்ணால் வந்தது என்று கத்தினான். நன்றாகவே கத்தினான். அடுத்து ஏவாள் பாம்பைக் காட்ட வேண்டும். ஸ்டெல்லா காட்டவில்லை. மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"ஆமா. நான்தேன் பறிச்சேன். நான்தேன் தின்னேன். இவரும் தின்னாரு. ருசியா இருக்குன்னாரு."

பெண்கள் பக்கம் சிரிப்பு. இரண்டு தெருப் பெண்களும். அந்தோணி விரலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

"அப்பிடி வசனம் இல்லையேம்மா" என்றார் சாமி.

"பாம்பு மேல பழி போட மனசு வரல சாமி."

பெரியப்பா எழுந்தே விட்டார். சாமி தாளைப் பார்த்தார். "இருக்கட்டும். அப்பிடியே சொல்லு. 'ருசி' வேண்டாம்."

ஒத்திகை முடிந்ததும் ஸ்டெல்லாவிடம், நல்லா இருந்தது என்று சொல்லப் போனேன். அவளைச் சுற்றி அவள் தெருப் பெண்கள், நடுவில் அவள் அம்மா, மகள் கன்னத்தைக் கிள்ளிக்கொண்டு. நான் வருவதைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். ஸ்டெல்லா மட்டும், "என்னண்ணே?" என்றாள்.

ஒன்றுமில்லை என்றேன். திரையை மடித்து வைத்துவிட்டுப் பேருந்துக்கு நடந்தேன்.