வெறும் நாற்பது

பாப்பாவின் அப்பாவுக்கு,

ஃபோனில் சொல்ல நாக்கு எழவில்லை, எழுதுகிறேன். நீங்கள் அங்கிருந்து அனுப்பிய தெர்மாமீட்டரைத்தான் பாப்பாவுக்கு வைத்தேன். நாற்பது காட்டியது. நூறைத் தாண்டவில்லையே என்று நிம்மதியாகப் பள்ளிக்கூடம் போனேன். அது செல்சியஸ் என்று உறைக்கவே இல்லை. அன்றைக்கு வகுப்பில் அலகு மாற்றம்தான் நடத்தினேன்.

“நூத்திநாலும்மா! காலையிலேயே தூக்கிட்டு வரக்கூடாதா?” என்றார் டாக்டர்.

ஒன்பதால் பெருக்கி, ஐந்தால் வகுத்து, முப்பத்திரண்டைக் கூட்டிப் பத்துத் தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். விடை மாறவே இல்லை.

இப்போதும் அதைத்தான் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முப்பத்தைந்து, முப்பத்துநாலு என்று இறங்கிக்கொண்டே வருகிறது.

“போதும்மா, பாப்பாவைக் குடுத்துடுங்க” என்று நர்ஸ் கையைப் பிடிக்கிறாள்.

காய்ச்சல் இறங்கினால் நல்லதுதானே? நீங்களாவது சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கணக்கு டீச்சர்