கெளுத்தியைச் சாட்சிக்கு அழைத்தேன்

6-6-1967, செவ்வாய்

காத்திவாக்கத்தில் இன்று நல்ல மீன்பாடு. கரையில் உட்கார்ந்து முப்பத்திரண்டு கெளுத்தி அளந்தேன். ஐந்தின் வாய்க்குள் முட்டைகள், ஒவ்வொன்றும் கோலிக்குண்டு அளவு. வலைக்காரர் தண்டபாணி, "தாயி சார் அது. குஞ்சு பொரிஞ்சு வெளிய போற வரிக்கும் ஒண்ணும் துன்னாது" என்றார். ஐந்துக்கும் பதிவேட்டில் 'பெண்' என்று போட்டேன். மற்ற மீன்களை வயிறு கீறிப் பார்த்துத்தான் ஆண், பெண் எழுதுவேன். வாயில் முட்டை இருந்தால் எதற்கு வீண் வேலை? மீன்வளத்துறையில் சேர்ந்து இரண்டு வருடமாக இப்படித்தான்.

ராயபுரம் வீட்டுக்குத் திரும்பினால் என் மனைவி ஐரீன் வாசலிலேயே நிற்கிறாள், கையில் ரயில்வே கடிதம். டிக்கெட் கிளார்க் வேலை! முதலில் திருச்சியில் மூன்று மாதப் பயிற்சி. ஜூலை மூன்றாம் தேதி சேர வேண்டும். மூன்று முறை பரீட்சை எழுதி வாங்கிய வேலை. சந்தோஷம்தான் — ஆனால் லூர்துவுக்கு ஒரு வயது இரண்டு மாதம். குழந்தையை யார் பார்ப்பது?

8-6-1967

சண்டை. "கெளுத்தி மீனுக்குத் தெரிந்தது உனக்குத் தெரியவில்லையே" என்றேன். தாய் மீன் பிள்ளைகளை வாயில் சுமந்துகொண்டு வாரக்கணக்கில் பட்டினி கிடப்பதை விலாவாரியாகச் சொன்னேன். அவள் கடிதத்தை மடித்துத் துணிப்பெட்டியில் வைத்துவிட்டாள்.

ஜெயித்துவிட்டேன். சோறுதான் இறங்கவில்லை.

9-6-1967

பேச்சில்லை. குழம்பில் உப்பும் இல்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

14-6-1967

ஆபீசர் செல்வநாதன் புது உத்தரவு போட்டார்: வாயில் முட்டை உள்ளவற்றையும் கீறு, இரைப்பையில் என்ன இருக்கிறது பார். ஆறு மீன் கீறினேன். இரைப்பை காலி, தண்டபாணி சொன்னது சரி. ஆனால் சினைப்பையைக் காணோம். ஆறும் ஆண்! கத்தியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். ஆண்தான்.

தண்டபாணி குனிந்து பார்த்தார். "நைனாவா சார் அது! எங்க தாத்தா காலத்துலருந்து தாயின்னுதான சொல்லிகினு கீறோம்!" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். ஐரீன் ஞாபகம் வந்தது, சிரிப்பு நின்றுவிட்டது.

ஆபீசருக்கு ஆச்சரியமே இல்லை. "அவ்வளவு பெரிய முட்டைகளைப் போட்டவள் தின்று தேறினால்தானே அடுத்த ஈடு முட்டை? அதுவரை அவன் சுமக்கிறான். அப்படிச் சுமந்தவன் குஞ்சுகள் அதிகம் பிழைத்திருக்கும். வழிவழியாக அந்தக் குணமே நின்றுவிட்டது" என்றார். பிறகு, பழைய பதிவேட்டை எல்லாம் திருத்தச் சொன்னார்.

17-6-1967

மூன்று நாளாயிற்று. இன்னும் அவளிடம் சொல்லவில்லை. வெட்கங்கெட்டவன் நான்.

18-6-1967, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் சொல்லிவிட்டேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். "இன்னொரு தபா சொல்லுங்க." சொன்னேன். சிரித்தாள் பாருங்கள் ஒரு சிரிப்பு! பத்து நாளாக அந்தச் சத்தம் கேட்காமல் வீடு வீடாகவே இல்லை.

பிறகு முகம் மாறியது. "மீனு எப்படினா இருந்துட்டுப் போவட்டும். நீங்க இன்னா சொல்றீங்க?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஒளிந்துகொள்ள மீன் இல்லை. "நான் பார்த்துக்கிறேன். நீ போயிட்டு வா" என்றேன்.

20-6-1967

பக்கத்து வீட்டில் இருக்கும் என் அக்கா சிலுவையம்மாள் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினாள். "ஆம்பள புள்ள வளக்கறானாம்! தெருவே சிரிக்கும்டா கஸ்பாரு!" திட்டி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு, "மதியானம் வரிக்கும் நான் வச்சிக்கிறேன். அப்பால உன் பாடு" என்றாள். என் அக்காவைப் போல யார் இருக்கிறார்கள்!

2-7-1967

எழும்பூரில் ஐரீனை ரயிலேற்றிவிட்டேன். வண்டி நகர்ந்த பிறகுதான் லூர்து அழுதாள். நானும்.

6-7-1967

பால் பொங்கி ஸ்டவ் அணைந்தது. லூர்துவுக்குக் கவுனைத் திருப்பிப் போட்டுவிட்டேன். தெரு சிரிக்கத்தான் செய்தது. சிரிக்கட்டும்.

21-7-1967

லூர்துவுக்கு நாலு நாளாக இருந்த காய்ச்சல் விட்டுவிட்டது. மாதாவுக்கு ஸ்தோத்திரம். ஒரு கிண்ணம் கஞ்சி முழுவதும் குடித்தாள்.

13-8-1967, ஞாயிறு

இரண்டு நாள் லீவில் ஐரீன் வந்தாள். லூர்து அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. "மறந்துட்டாளா?" என்று கேட்டாள். இல்லை, வெட்கம் என்றேன். மனசுக்குள் எனக்கு ஒரே பெருமை. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மத்தியானம் குழந்தை வாசற்படியில் இடறி விழுந்தது. ஐரீன் கையை நீட்டிக்கொண்டு ஓடினாள். அவளைத் தாண்டி என்னிடம் வந்து காலைக் கட்டிக்கொண்டு அழுதது. ஐரீன் நீட்டிய கையோடு அப்படியே நின்றாள். என் பெருமை எல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இவள எப்படித் தூங்க வெக்கிறீங்க? எனக்கும் சொல்லிக் குடுங்க."

"இடது தோள்" என்றேன். "முதுகில் தட்டாதே, காது மடலைத் தடவு."

குழந்தையை அவள் தோளுக்கு மாற்றினேன். சிணுங்கியது. பிறகு தூங்கிவிட்டது.