ஜெயிச்சது எங்க கேம்ப் பசங்கதான்

தமாம், சவூதி அரேபியா,
ஜூலை 1983

அன்புள்ள வேதாவுக்கு,

அண்ணாமலையார் புண்ணியத்துல நான் சுகமா இருக்கேன். நீயும் வயித்துப் பிள்ளையும் எப்படி இருக்கீங்க? கால் வீக்கம் கம்மியாச்சா?

இங்க எண்ணெய்க் கம்பெனி கேம்ப்ல அமெரிக்காக்காரங்க பிள்ளைங்க பேஸ்பால்னு ஒண்ணு ஆடுறாங்க. நம்ம கிரிக்கெட்டுக்குப் பங்காளி, மட்டைதான் உருண்டை. பசங்களுக்கான உலகப் போட்டிக்குத் தகுதி ஆட்டம் எங்க கேம்ப் மைதானத்துல நடந்துச்சு. தண்ணி விட்டுக் கோடு போடுறது நான்தான்.

"கேம்ப் பசங்க தோத்துட்டா இங்க வேலை இருக்காது, நீ ஊருக்குப் போயிட்டு வா"ன்னு காண்ட்ராக்டர் சொல்லியிருந்தாரு. அதனால அவங்க தோக்கணும்னு சாமிகிட்ட வேண்டிக்கிட்டேன். தோக்கிற மாதிரிதான் இருந்துச்சு. கடைசியில ஒரு பொடியன் பந்தை வேலிக்கு அந்தாண்ட அடிச்சு ஜெயிச்சுட்டான். ஓடி வந்து என்னையும் கட்டிப் பிடிச்சான். நானும் கை தட்டினேன் வேதா.

அடுத்த சுற்றும் இங்கதானாம். லீவு கேட்டேன். "பாஸ்போர்ட் எங்கிட்ட இருக்கு, எங்க போயிடப் போற?"ன்னு காண்ட்ராக்டர் சிரிச்சாரு. நானும் சிரிச்சு வச்சேன். நீ கவலைப்படாதே.

இங்க என்னோட வேலை செய்யுற போளூர் பக்ருதீன் பாய் லீவுல ஊருக்கு வந்திருக்காரு. அவர்கிட்ட வறுத்த மல்லாட்டையும் நீ கட்டின பழைய புடவை ஒண்ணும் குடுத்து விடு. ரூம்ல ஏசி குளிருது, போத்திக்க ஆவும்.

பிரசவத்துக்கு உங்கம்மாவை முன்னாடியே வரச் சொல்லு. பேர் வைக்க எனக்காகக் காத்திருக்காதே. என்ன பேருன்னு மட்டும் உடனே எழுது. தனியா இருக்கிறப்ப கூப்பிட்டுப் பாத்துக்கிறேன்.

தபால் வண்டி வந்துட்டுது.

உன்
கோதண்டராமன்