இருநூற்றுப் பன்னிரண்டு மீட்டர்

கூட்டாளி,

இன்று காலை பட்டினச்சேரிக் கடையில் புது வலைக்கயிற்றின் வாடை மூக்கில் ஏறியது. நீ போய்ச் சேர்ந்த பிறகும், உடனே என் முன்னால் வந்து நின்றாய். கடலைச் சாட்சி வைத்துச் சொல்கிறேன், நான் எழுதப்போவதைக் காரைக்காலில் காக்கா குருவிகூட நம்பாது.

நம் பல்கலைக்கழகம் தன் ஒலிம்பிக் வரலாற்றைப் புத்தகமாக்குகிறது. ஓடியவர்கள், எறிந்தவர்கள், அவர்களைப் பழக்கிய பயிற்சியாளர்கள் என்று பெரிய பட்டியல். அதில் என் அக்கா மகள் இருக்கிறாள். நீ இருக்கவில்லை. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்ட ஊழியர் எப்படிப் பயிற்சியாளர் ஆவார் என்று கேட்டார்கள்.

அவள் அங்கே படித்தபோது, அந்தக் கோடை விடுமுறையில் மைதானம் பூட்டியிருந்ததால் அவளைக் கடற்கரையில் ஓடவிட்டாய். இருநூறு மீட்டர் அளக்க வலைக்கயிறு கொண்டுவந்தவன் நான். ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தேர்வடம்போல் இழுத்தோம். நைலான் கயிறு, இழுத்த இழுப்புக்கெல்லாம் நீண்டு கொடுத்தது. அவள் ஓட்டத்தில் கிளம்பிய மணல் திருவேட்டக்குடி உலைகளில் எல்லாம் விழுந்தது. நண்டுகள் குடும்பத்தோடு நாகூருக்குக் குடிபெயர்ந்தன. ஆனாலும் உன் கடிகாரத்தில் நேரம் குறையவே இல்லை.

"நான் லாயக்கில்ல மாமா. தையல் கிளாஸுக்கே போறேன்" என்று அழுதாள்.

சந்தேகப்பட்டு நீ இரும்பு டேப்பால் அளந்தாய். பன்னிரண்டு மீட்டர் கூடுதல்.

"யோவ், உன்னை நம்பி அளந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

"அவகிட்ட சொல்லிடுவமா?"

"மூச்சு விடாத" என்று அடக்கிவிட்டு அவளிடம் போனாய். "இன்னும் பத்து நாள் ஓடும்மா. அப்புறம் தையல் மெஷினை நானே வாங்கித் தர்றேன்."

பல்கலைக்கழகப் போட்டியில் அவள் முடிவுக் கோட்டைத் தாண்டியும் நிற்கவில்லை. பழக்க தோஷம், பன்னிரண்டு மீட்டர் தள்ளிப் போய்த்தான் நின்றாள். இரண்டாவதாக வந்தவள் மறுநாள் மாலைதான் வந்து சேர்ந்தாள். நீ குனிந்து நம் பெண்ணின் ஷூ நாடாவை அவிழ்த்தபடி, "மெஷின் வேணுமாம்மா?" என்று கேட்டாய்.

பிறகு பெரிய பயிற்சியாளர்கள், பெரிய ஊர்கள், கடைசியில் ஒலிம்பிக். அவள் அங்கே ஓடிய அன்றும் நீ இங்கே கோடு போட்டுக்கொண்டிருந்தாய்.

போன வாரம் பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். "அவருக்குப் பயிற்சியாளர் சர்டிபிகேட் ஏதும் இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சுங்க. ஒலிம்பிக் வரைக்கும் ஓடிட்டு வந்துச்சு" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் போனை வாங்கினாள். "அவரு பேரு வரலைன்னா என் பேரையும் எடுத்துடுங்க" என்றாள். குரலைக்கூட உயர்த்தவில்லை.

நேற்று அச்சுப்படி வந்தது. அவள் பெயருக்கு நேரே, முதல் பயிற்சியாளர் என்ற இடத்தில், உன் பெயர்.

மேலே இருப்பதில் முக்கால்வாசி என் கைச்சரக்கு என்பது உனக்குத் தெரியாததல்ல. ஆனால் அவள் போனில் சொன்ன அந்த ஒரு வரி நிஜம். அதில் மட்டும் நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை. கூட்டவேண்டிய அவசியம் இருக்கவில்லை.