நாற்பது வரி தள்ளி

பிப்ரவரி 4, புதன்

புதுச்சத்திரம் பொன்னாயி அக்கா தன் கோழிப்பண்ணை மிஷினுக்குக் கேட்ட மாற்றம் இன்று போய்விட்டது. கொட்டகைச் சூட்டைப் பார்த்து மின்விசிறியை ஓட்டும் மிஷின் அது, அதன் நிரல் எங்கள் ஆபீசில் எழுதுவது. வெயில் ஏறுகிறதாம், முட்டைக்கோழிக் கொட்டகையில் மின்விசிறி இருபத்தேழு டிகிரியிலேயே ஓட வேண்டுமாம். கூட வேலை பார்க்கும் தீபிகா, முதலில் வேறொரு திருத்தம், இரண்டாவதாக இது என்று இரண்டையும் ஒரே பேட்ச்சாக, ஒரே மாற்றக் கோப்பாக, அனுப்பியிருந்தாள். அந்த முதல் திருத்தம் இன்னும் சோதிக்காதது. அதை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டாவதை மட்டும், நிரல் மாற்றங்களைச் சேர்த்துவைக்கும் கிட் (Git) மென்பொருளில் ஏற்றினேன். ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல் ஏறியது. வேலை முடிந்து ஓமலூரில் ஐந்தரை பஸ் கிடைத்தது.

பிப்ரவரி 5

பொன்னாயி அக்கா போன் செய்தார். குஞ்சுக் கொட்டகையில் எண்ணூறு குஞ்சுகள் செத்துவிட்டன. குளிர் தாங்காமல் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கியிருக்கின்றன. அங்கே பத்து வருடமாக வேலை பார்க்கும் ராமாயி, குளிரை மறைக்கும் பக்கவாட்டுப் படுதாவை இறக்கிவிட மறந்திருக்க வேண்டும் என்றார். காலையிலேயே அவரை வேலையைவிட்டு நிறுத்திவிட்டாராம்.

"எத்தன மணிக்குக் குளுந்துதுன்னு உங்க மிஷின்ல பாத்துச் சொல்லு கண்ணு."

பார்க்கிறேன் என்றேன். பார்க்கவில்லை. ஏன்?

பிப்ரவரி 6

பார்த்தேன்.

புதன் மாலை ஆறேகாலுக்கு, பண்ணை மிஷின் புது நிரலை எடுத்துக்கொண்டதும், குஞ்சுக் கொட்டகையின் மின்விசிறி ஓடத் தொடங்கியிருக்கிறது. அங்கே அது முப்பத்தைந்தில்தான் ஓட வேண்டும். இருபத்தேழு என்று இருக்கிறது. ராமாயி வீட்டுக்குப் போன பிறகு, உள்ளே சூடு ஏறும்போதெல்லாம் ஓடி, விடிய விடிய வெளிக்காற்றை உள்ளே இழுத்திருக்கிறது. காலையில் அவர் வந்தபோது கொட்டகை இருபத்தேழுக்கும் கீழே குளிர்ந்துபோய், அது தானாக நின்றிருந்தது. யார் கண்ணிலும் படவில்லை.

நான் ஏற்றிய துண்டு, தன் இடம் நூற்று அறுபதாம் வரி என்று சொல்லிக்கொண்டு வந்தது. முதல் திருத்தத்தின் நாற்பது வரிகள் உள்ளே இருப்பதாக நம்பிய கணக்கு அது. அந்த நாற்பதையும் வெட்டியவள் நான். அவை இல்லாத கோப்பில் முட்டைக்கோழிக் கொட்டகை நூற்று இருபதிலேயே இருந்தது, நூற்று அறுபதாம் வரியில் இருந்தது குஞ்சுக் கொட்டகை. இரண்டு கொட்டகைக்கும் வரிகள், அந்த முப்பத்தைந்து உட்பட, அச்சு அசல் ஒன்றே, ஏனென்றால் ஒன்றைப் பார்த்து இன்னொன்றை நகலெடுத்ததும் நான்தான். கிட்டுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

பிப்ரவரி 7

தவறைத் திருத்தி ஏற்றிவிட்டு அன்பரசு சாரிடம் சொன்னேன். முதலாளிதான் என்றாலும் கெட்டவர் இல்லை. வேண்டுமென்றா செய்தோம், கொஞ்ச நாள் போகட்டும் செல்வி, பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார். தான் அனுப்பியது சரிதானே என்று தீபிகா இரண்டு தடவை கேட்டாள். சரிதான்.

பிப்ரவரி 8, ஞாயிறு

துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன். சொன்னால் வேலை போகுமா? சொல்லாவிட்டால் ராமாயிக்குப் போன வேலை?

பிப்ரவரி 9

சாரிடம் சொல்லாமல் புதுச்சத்திரம் போனேன். என் போன் திரையில் மிஷினின் பதிவைக் காட்டி, படுதா காரணமில்லை, மின்விசிறிதான், அதை மாற்றி ஏற்றியது நான் என்றேன். பொன்னாயி அக்கா போனை வாங்கி, ஆறேகால் என்று இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"அப்ப ராமாயி படுதாவ எறக்கித்தான் உட்டிருக்கறா."

ஆமாங்க என்றேன்.

"மூணு நாளு முந்தியே சொல்லியிருக்கலாமல்ல கண்ணு."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

வெளியே வந்து சாருக்குப் போன் செய்தேன். "சொல்லிட்டயா? சரி" என்று வைத்துவிட்டார். நாளைக்கு வேலைக்குப் போகலாமா, கூடாதா? தெரியவில்லை.

பிப்ரவரி 10

போனேன். சார் ஒன்றும் கேட்கவில்லை.

பிப்ரவரி 12

பொன்னாயி அக்காவோடு பள்ளிபாளையம். ராமாயி மகள் வீட்டில் தறிக்கு நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். பாதிவரை கை நிற்கவில்லை. பிறகு நின்றது.

"எறக்கி உட்டதுதானுங்க எனக்கு நெனப்பு. எல்லாரும் சொல்லச் சொல்ல, நாந்தான் மறந்துட்டனாட்ட இருக்குதுன்னு நானே நம்பிட்டனுங்க. அந்தக் குஞ்சுகள நெனச்சு ரெண்டு நாளு சோறு எறங்குல."

மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேனா? சொன்னதாகத்தான் நினைவு. பொன்னாயி அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு வேலைக்குக் கூப்பிட்டார். "பாக்கறனுங்க" என்று மட்டும் ராமாயி சொன்னார்.

திரும்பும்போது பஸ்ஸில் எனக்கும் சேர்த்து அக்காவே டிக்கெட் எடுத்தார்.

மார்ச் 2

புதுக் குஞ்சுகள் இன்று பண்ணைக்கு வந்தன. ராமாயியும் வந்துவிட்டார், ஒரு நிபந்தனையோடு. குஞ்சுக் கொட்டகையில் மின்விசிறி தானாக ஓடக் கூடாது. ஓட்டட்டுமா என்று மிஷின் அவர் போனில் கேட்க வேண்டும், அவர் சரி என்று அமுக்கினால்தான் ஓட வேண்டும். சார் முகம் சுளித்தார். பிறகு, எழுதிக் கொடுத்துவிடு என்றார். எழுதினேன். ஏற்றிய பிறகு கோப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன்.

மாலை ஆறரைக்கு மிஷின் முதல்முறையாக அவரைக் கேட்டது. அரை நிமிடத்தில் என் திரையில் ராமாயியின் பதில் வந்தது.

வேண்டாம்.